‘பயந்தால் கரு தங்காது’ என்று சொல்லாதீர்கள்

ஐந்து நாள்களாகச் சிறிது சிறிதாக இரத்தம் பட்டுக்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த, ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) சிகிச்சையில் கருவுற்ற ஒரு பெண், முதல் ஸ்கேனுக்குக் குறித்திருந்த நாளில்தான் அதை என்னிடம் சொன்னார். அன்றே ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன். தாம் பயந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்றும், பயப்படாதே என்று எல்லாரும் அத்தனை முறை சொல்லியும் கேட்காதவள் எந்த முகத்தோடு அழைப்பது என்றும் அழுதார். ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. ஆனாலும் என் கோபம் தணியவில்லை. கரு கருக்குழாயில் தங்கியிருந்து அந்த ஐந்து நாள்கள் கழிந்திருந்தால் அவருடைய உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். குற்ற உணர்ச்சியால் வாய் திறக்காமல் இருந்த பெண்களில் இவர் முதலாமவரும் அல்லர்.

ஐ.வி.எஃப். சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்ததும் வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘சந்தோஷமாக இரு, பயந்தால் கரு தங்காது’ என்பதுதான். அன்பினால் சொல்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பெண்ணுக்கு, முன்பிருந்த பயத்தோடு, பயந்துவிட்டோமே என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதியில் காரணம் குரோமோசோம் குறைபாடு. அது கருமுட்டை உருவாகும்போதோ கருவின் முதல் சில பிரிவுகளிலோ, அதாவது அந்தப் பெண் பரிசோதனை முடிவை நினைத்துக் கலங்கத் தொடங்குவதற்கு முன்பே, தீர்மானமாகிவிட்டது. சிகிச்சைக்கு முன் பெண்களுக்கு இருந்த மனக்கலக்கம் அந்தச் சிகிச்சைச் சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறதா என்று 14 ஆய்வுகளில் இடம்பெற்ற 3,583 பெண்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2011 இல் வெளியான கட்டுரை, அப்படியொரு தொடர்பு இல்லை என்றே கண்டது. தீராத மனஅழுத்தம் உடலுக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கேன் நாளை எண்ணி இரவில் தூங்காமல் கிடந்ததால் கரு கலைந்தது என்று எந்தப் பெண்ணும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்கிறேன்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இயல்பாகக் கருத்தரிப்பவர்களில் பலருக்கு நான்காம் வாரத்தில் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. ஐ.வி.எஃப். மூலம் கருவுற்றவருக்கோ கருப்பைக்குள் கரு வைக்கப்பட்ட நாள், நேரம், உட்சவ்வின் தடிமன் எல்லாம் மனப்பாடம். ஐந்து நாள் வளர்ந்த கருவை வைக்கும் அன்றே கணக்கு இரண்டு வாரம் ஐந்து நாள் என்று தொடங்குகிறது. அதிலிருந்து 9 முதல் 14 நாள்களுக்குள் இரத்தப் பரிசோதனை. இதயத் துடிப்பைப் பார்க்கவோ ஆறாவது, ஏழாவது வாரம் ஆக வேண்டும். ஊசி, ஸ்கேன், இரத்தம் என்று ஒன்றுவிட்டு ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவரை, வாழ்த்துச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் தனியே விட்டுவிடுகிறோம். இதில் என்னையும் என் சகாக்களையும் சேர்த்தே குறை சொல்கிறேன்.

அந்த இடைவெளியில்தான் ஒப்பீடு தொடங்குகிறது. இன்னொருத்திக்குப் பீட்டா எவ்வளவு வந்தது என்று விசாரிக்காதீர்கள். ஒற்றை எண் அதிகம் எதையும் சொல்வதில்லை. தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறும் வேகத்தைப் பார்ப்போம். வீட்டில் தினமும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை நனைத்துக் கோட்டின் அழுத்தத்தை ஆராய்வதையும் விடுங்கள். முட்டையை முதிரவைக்கப் போடும் எச்.சி.ஜி. ஊசியின் மிச்சம் பத்து நாளுக்கு மேல்கூட உடலில் இருந்து, இல்லாத கருவை இருப்பதாகக் காட்டும். மார்பு வலியும் சோர்வும் வயிற்று உப்புசமும், கருவைத் தாங்குவதற்காக நாங்கள் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்தாலேயே வரும். ஆகவே அவை இருப்பதால் மகிழவோ, ஒரு நாள் காலையில் குறைந்ததால் கலங்கவோ வேண்டாம்.

படுத்தே கிடப்பதாலும் பயனில்லை. ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் கருப்பைச் சுவர்களுக்கிடையே இருக்கும் கரு, எழுந்து நடந்தால் நழுவி விழுந்துவிடாது.

இரத்தம் பட்டால் அன்றே அழையுங்கள். முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரத்தம் படுகிறது, அவர்களில் பெரும்பாலோருக்குக் கரு தொடர்ந்து வளர்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நீங்களாக முடிவெடுத்துப் புரோஜெஸ்டிரோனை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைகளால் கருப்பையைத் தயார்செய்து, உறைநிலையில் வைத்திருந்த கருவை உள்ளே வைத்துக்கொண்டவர்களுக்கு, நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை அந்த மருந்தைத் தவிர வேறு ஆதாரமில்லை. ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் தொலைபேசிக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். முட்டை எடுத்த அதே சுழற்சியில் கரு வைக்கப்பட்டிருந்தால், வயிறு திடீரென வீங்குவதும் மூச்சு வாங்குவதும் சிறுநீர் குறைவதும் அதே பட்டியலில் சேரும்.

கணவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். காலையில் எழுந்ததும் ‘இன்று ஏதாவது தெரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். ஸ்கேனுக்கு உடன் வாருங்கள். செய்தியை யாருக்கு, எப்போது சொல்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். முன்பு ஒரு கருவை இழந்தவராக இருந்தால், இதயத் துடிப்பைப் பார்த்த பின்னும் பயம் போகாது. போகவில்லையே என்று கடிந்துகொள்ளவும் வேண்டாம். தூக்கமும் உணவும் நாள்கணக்கில் கெட்டுப்போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்பதுபோல் அவர் பேசினாலோ, அடுத்த ஸ்கேன் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்து வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஸ்கேன் இரண்டு வாரம் கழித்துத்தான். இடையில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, பரிசோதனை எதுவும் இல்லை, பேசுவதற்கு மட்டும் வாருங்கள் என்றேன். பயமாக இருந்தாலும் வரலாமா என்று கேட்டார். அதற்காகத்தான் அந்த நாள் என்றேன்.