கண் பிரஷருக்கு ரெண்டு மருந்து கலந்த டிராப்ஸ்: விலை எப்படி வெக்கறாங்க, கம்மியா எங்க கிடைக்கும், எது ஃப்ரீ, எது கிடையாது

போன வருஷம் ஒரு நாள் காலையில அப்பாவுக்கு தலை சுத்தல். 71 வயசு, நாடி பாத்தா 48. ஹார்ட்டுல ஏதோன்னு பயந்து ஆட்டோ புடிச்சு ஓடி, ஈசிஜி எல்லாம் எடுத்து முடிச்சப்புறம் அங்க இருந்த டூட்டி டாக்டர் "வீட்ல போடற மருந்து அத்தனையும் கொண்டு வாங்க"ன்னார். மாத்திரை டப்பாவோட சேத்து ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த ரெண்டு கண் டிராப்ஸையும் எடுத்துட்டு போனேன். ரெண்டும் ரெண்டு ஊர்ல ரெண்டு டாக்டர் எழுதினது. பேரு வேற, பெட்டி கலர் வேற. ஆனா ரெண்டு பெட்டியிலயும் கீழ பொடி எழுத்துல ஒரே பேரு இருந்துச்சு, டைமோலால், கண் பிரஷர கொறைக்கும், ஆனா நாடியையும் மெதுவாக்கிடும். அதாவது அப்பா ஆறு வாரமா ஒரே மருந்த டபுளா போட்டுட்டு இருந்திருக்கார், அதுல பாதிக்கு தேவையே இல்லாம காசும் குடுத்திருக்கோம்.

அன்னைக்குதான் அந்த பொடி எழுத்த படிக்கவே கத்துக்கிட்டேன். உடம்புக்கு மட்டும் இல்ல, பர்ஸுக்கும் எல்லாமே அந்த எழுத்துலதான் இருக்கு, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன்.

கிளாக்கோமான்னா கண்ணுக்குள்ள இருக்கற நீரோட அழுத்தம் பின்னாடி இருக்கற பார்வை நரம்ப கொஞ்சம் கொஞ்சமா அரிக்கறது. பிபிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல ("கண்ணுல பிரஷர்னா பிபி மாத்திரையே போதாதா"ன்னு எங்க அத்தை இன்னும் கேக்கறாங்க). பொதுவா கண் பிரஷர் 10ல இருந்து 21 வரைக்கும் (மில்லிமீட்டர் மெர்குரி கணக்குல) நார்மல்னு சொல்வாங்க, ஆனா 21க்கு கீழ இருந்தும் நரம்பு போறவங்க உண்டு. போன பார்வை திரும்பாது, இருக்கறத காப்பாத்தறதுக்குத்தான் டிராப்ஸ், அதனாலதான் அனேகமா ஆயுசுக்கும் போட வேண்டியிருக்கு. மாசாமாசம் செலவு வர்ற மருந்து, அதான் விலை இங்க இவ்வளவு முக்கியம்.

ஒரு மருந்துல பிரஷர் போதுமான அளவு இறங்கலன்னா ரெண்டாவது சேப்பாங்க. ரெண்டையும் ஒரே பாட்டில்ல கலந்து வர்றதுதான் காம்பினேஷன் டிராப்ஸ். நம்ம ஊர்ல அதிகமா எழுதறது டார்சோலமைட் 2 சதவீதத்தோட டைமோலால் 0.5 சதவீதம், பிரிமோனிடினோட டைமோலால், இது ரெண்டும் தினம் ரெண்டு வேளை. லட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் இதுல ஒண்ணோட டைமோலால் சேந்ததுன்னா தினம் ஒரே வேளை. டைமோலால் ஆகாதவங்களுக்கு பிரின்சோலமைட்டோட பிரிமோனிடின் சேந்தது இருக்கு. கவனிச்சீங்கன்னா கடைசி ஒண்ண தவிர எல்லாத்துலயும் டைமோலால் உக்காந்திருக்கு, எங்க வீட்ல நடந்த கூத்து மத்த வீட்லயும் நடக்க எவ்வளவு சுலபம்னு இப்ப புரியும். ஆஸ்துமா, வீஸிங், நாடி ஏற்கனவே மெதுவா ஓடறவங்க, ஹார்ட் பிளாக் (ரத்தக்குழாய் அடைப்பு இல்ல, துடிப்புக்கான மின் சிக்னல் தடைபடறது) இருக்கறவங்க, இவங்களுக்கு டைமோலால் ஆகாது. கண்ணுல விடற ஒரு சொட்டு என்ன பண்ணிடும்னு நெனைக்கலாம், அது கண்ணோட மூக்கு ஓர ஓட்டை வழியா மூக்குக்குள்ள இறங்கி நேரா ரத்தத்துல கலந்துடுது.

சரி, விலைக்கு வருவோம். எல்லா மருந்துக்கும் அரசாங்கம் விலை வெக்கறதில்ல. அத்தியாவசிய மருந்து பட்டியல்னு ஒண்ணு இருக்கு, கடைசியா 2022 செப்டம்பர்ல வந்தது, 384 மருந்து. டைமோலால் அதுல இருக்கு, லட்டனோபிராஸ்ட் அந்த 2022 பட்டியல்லதான் புதுசா சேந்துச்சு. பட்டியல்ல இருக்கற மருந்துக்கு 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி என்பிபிஏ (மருந்து விலைய கண்காணிக்கற மத்திய அரசு அமைப்பு) உச்ச விலை வெக்கும், எப்படின்னா மார்க்கெட்டுல 1 சதவீதமோ அதுக்கு மேலயோ விக்கற கம்பெனிகளோட விலைய சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேப்பாங்க, அதுக்கு மேல ஜிஎஸ்டி. அந்த விலைக்கு மேல எந்த கம்பெனியும் விக்கக்கூடாது. தனி டைமோலால் பாட்டில் இவ்வளவு மலிவா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியல்ல இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது, எம்ஆர்பிய 12 மாசத்துல 10 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. வருஷாவருஷம் 10 ஏத்தினா ஏழெட்டு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆயிடும், அதுவும் சட்டப்படியே. காம்பினேஷன்ல ஒரு நடு வழி இருக்கு: பட்டியல் மருந்த ஏற்கனவே தயாரிக்கற கம்பெனி அதோட இன்னொண்ண கலந்து புதுசா கொண்டு வரணும்னா முன்கூட்டியே என்பிபிஏகிட்ட சில்லறை விலை வாங்கணும். ஆனா அந்த விலை கேட்ட கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்தும். அதான் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே 5 மில்லி, ஆனா கம்பெனிக்கு கம்பெனி விலை அவ்வளவு வித்தியாசம்.

2025 செப்டம்பர் 22ல இருந்து மருந்துக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா கொறஞ்சிருக்கு, அதனால பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்துல வெச்சு ஒரு தடவை பாருங்க. எம்ஆர்பிக்கு மேல கேட்டா, இல்ல உச்ச விலைக்கு மேல அச்சடிச்சிருந்தா, என்பிபிஏவோட 1800 111 255 நம்பர்ல புகார் சொல்லலாம். ஃபார்மா சஹி தாம்னு அவங்க ஆப் இருக்கு, மருந்து பேர போட்டா விலை காட்டும்.

இப்ப காம்பினேஷன் லாபமா, தனித்தனியா வாங்கறது லாபமான்னு கேட்டா பாட்டில் விலைய பாக்காதீங்க, நாள் கணக்கு போடுங்க. 5 மில்லி பாட்டில்ல பாட்டிலோட மூக்க பொறுத்து 100ல இருந்து 150 சொட்டு வரும். ரெண்டு கண், ரெண்டு வேளை, தினம் 4 சொட்டு, ஆக 25 நாள்ல இருந்து 37 நாள். ஆனா திறந்து நாலு வாரத்துல அனேகமா தூக்கிப் போடணும், அதனால கணக்குக்கு பாட்டில் 400 ரூபான்னு வெச்சா நாளைக்கு 14ல இருந்து 16 ரூபா. அப்பா பாட்டில் 18 நாள்லயே தீந்துடுச்சு, ஏன்னு பக்கத்துல நின்னு பாத்தேன், சில வேளை கை நடுங்கி முதல் சொட்டு கன்னத்துல, ரெண்டாவது இமை மேல, மூணாவதுதான் உள்ள. 400 ரூபா மருந்துல பெரிய பங்க துண்டு துடைச்சிருக்கு. இப்ப படுக்க வெச்சு நான் விடறேன், அதுலயே பாட்டில் நாலு வாரம் முழுக்க வருது. எந்த திட்டத்துலயும் கிடைக்காத மானியம் இது.

ஒரு கண்ணுக்கு மட்டும் போடறவங்களுக்கு கணக்கு மாறும். தினம் 2 சொட்டுதான், பாட்டில் 50 நாளுக்கு மேல வரும், ஆனா திறந்து நாலு வாரத்துக்கு மேல அனேகமா எந்த டிராப்ஸும் வெச்சுக்கக்கூடாது, பெட்டியில போட்டிருப்பாங்க. அதனால 5 மில்லி மலிவா தெரிஞ்சாலும் பாதிய தூக்கி எறியணும், அவங்க 2.5 இல்ல 3 மில்லி பேக் இருக்கான்னு கேக்கறது நல்லது. லட்டனோபிராஸ்ட் சேந்ததா இருந்தா திறக்கற வரைக்கும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜுல வெக்கணும், கடையில வெளிய வெச்சிருந்து எடுத்து குடுத்தா வாங்காதீங்க.

டைமோலால் தனியா மலிவுங்கறதால சில நேரம் ரெண்டு பாட்டில் தனித்தனியா வாங்கறது காம்பினேஷன விட பத்து இருபது ரூபா கம்மியா வரும். ஆனா தனித்தனியா விட்டா நடுவுல 5 நிமிஷம் இடைவெளி விடணும், இல்லன்னா ரெண்டாவது சொட்டு முதல் சொட்ட கழுவிடும். தினம் ரெண்டு வேளை அஞ்சு அஞ்சு நிமிஷம் கடியாரம் பாத்துட்டு இருக்கற பெரியவங்க எத்தனை பேரு? கண்ணுல படற பிரசர்வேட்டிவும் (மருந்து கெடாம இருக்க சேக்கற பொருள்) ரெட்டிப்பு. என்னை கேட்டா அந்த இருபது ரூபாய பாக்காம காம்பினேஷனே வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன், மிச்சம் புடிக்க வேற இடம் இருக்கு.

அந்த இடம் ஜன் அவுஷதியும் முதல்வர் மருந்தகமும். ஜன் அவுஷதி மத்திய அரசோடது, 2008ல ஆரம்பிச்சது. அதுல விலைக்கு ஒரு விதி இருக்கு, அதிகம் விக்கற மூணு பிராண்டோட சராசரி விலையில பாதிக்கு மேல வெக்கக்கூடாது. முதல்வர் மருந்தகம் தமிழ்நாடு அரசோடது, 2025 பிப்ரவரி 24ல ஆயிரம் கடையோட திறந்தாங்க. ரெண்டுலயும் வருமான வரம்பு கிடையாது, ரேஷன் கார்டு கேக்க மாட்டாங்க, டாக்டர் சீட்டு இருந்தா யார் வேணா வாங்கலாம். "அது ஏழைங்களுக்கான கடை"ன்னு ஒதுங்கிப் போறவங்கள நிறைய பாக்கறேன், அப்படி ஒண்ணும் இல்ல.

ஆனா அங்க பிராண்ட் பேர சொன்னா வேலைக்காகாது, மருந்துப் பேரு வேணும். எல்லா காம்பினேஷனும் எல்லா கடையிலயும் இருக்காது, அதனால போறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க, இல்ல ஜன் அவுஷதி சுகம் ஆப்ல தேடுங்க, 1800 180 8080 ஹெல்ப்லைனும் இருக்கு. சதவீதமும் ஒத்துப் போகணும், டைமோலால் 0.25னும் வருது 0.5னும் வருது.

இங்கதான் பலரும் முட்டிக்கறாங்க. டாக்டர் சீட்டுல பிராண்ட் பேரு மட்டும் இருந்தா, அதே மருந்து வேற கம்பெனியோடத மாத்தி குடுக்க கடைக்காரருக்கு உரிமை இல்ல, மருந்து விதிகள்ல 65ஆவது விதி அப்படித்தான் சொல்லுது. அதனால கடையில சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, டாக்டர் ரூம்லயே கேட்டுடணும். "சார், மருந்துப் பேரு, சதவீதம் போட்டு எழுதி குடுங்க, ஜன் அவுஷதியில பாக்கறோம்"னு சொன்னா போதும். எங்க அப்பாவோட புது டாக்டர் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டாலும் எழுதி குடுத்தார், கூடவே "மாத்தினா ஒரு மாசத்துல பிரஷர் செக் பண்ண வந்துடுங்க"ன்னும் சொன்னார். அது நியாயமான பேச்சு, பிராண்ட் மாறினா பாட்டில், சொட்டோட சைஸ், பிரசர்வேட்டிவ் எல்லாம் மாறலாம், அளந்து பாத்துட்டா நமக்கும் நிம்மதி.

அரசு ஆஸ்பத்திரியில டிராப்ஸ் ஃப்ரீ. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கி அனுப்பறதுதான் அங்க குடுப்பாங்க. சென்னைன்னா எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, 1819ல இருந்து இருக்கறது, மத்த ஊர்ல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கண் பிரிவு. நீங்க போடற அதே காம்பினேஷன் இருக்கலாம், இல்லன்னா தனித்தனியா குடுக்கலாம். தனித்தனியா குடுத்தா வேண்டாம்னு வந்துடாதீங்க, அந்த 5 நிமிஷத்த மட்டும் கடைபிடிங்க. பழைய சீட்டு, ஃபீல்டு டெஸ்ட் (பக்கவாட்டு பார்வை எவ்வளவு இருக்குன்னு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துட்டு போங்க.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருக்கே, அதுல டிராப்ஸ் கிடைக்காதான்னு கேப்பாங்க. கிடைக்காது. வருஷம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள வருமானம் இருக்கற குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் பண்ற திட்டம் அது, ஆனா அட்மிட் ஆகி பண்ற சிகிச்சைக்குத்தான், மாசாமாசம் கடையில வாங்கற மருந்துக்கு இல்ல. டிராப்ஸ்ல அடங்காம கிளாக்கோமா ஆபரேஷன்னு ஆனா அப்ப கார்டு கை குடுக்கும், 1800 425 3993ல எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுக்கலாம். பிரைவேட் இன்சூரன்ஸும் பெரும்பாலும் இதே கதைதான். வீட்ல யாராவது இஎஸ்ஐல (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) இருந்தா மட்டும் விஷயம் வேற, அவங்கள நம்பி இருக்கற அப்பா அம்மாவுக்கும் டிஸ்பென்சரியில மருந்து உண்டு, பேரு சேத்திருக்கான்னு பாருங்க.

வரி கட்டறவங்களுக்கு ஒண்ணு. அப்பா அம்மா 60 தாண்டினவங்க, அவங்க பேர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் இல்ல, நீங்க பழைய வரி முறையில இருக்கீங்கன்னா, 80டின்னு எல்லாரும் சொல்ற கழிவுல அவங்க மருத்துவச் செலவு வருஷம் 50,000 வரைக்கும் காட்டலாம், டிராப்ஸ் பில்லும் சேத்துதான். இன்னொரு கண்டிஷன், கேஷா குடுத்தது செல்லாது. அதனால கடையில யூபிஐ பண்ணி, பில்ல பேஷன்ட் பேர்ல கேட்டு வாங்குங்க. 80டிடிபில (சில பெரிய நோய்களோட சிகிச்சை செலவுக்கான வரிக் கழிவு) கிளாக்கோமாவுக்கு உண்டுன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துச்சு, நம்பாதீங்க, அந்த நோய் பட்டியல்ல இது இல்ல.

கடைசியா போடற விதம். கைய கழுவிட்டு, படுத்துக்கிட்டு கீழ் இமைய இழுத்து ஒரே ஒரு சொட்டு, பாட்டில் நுனி இமையிலயோ முடியிலயோ படக்கூடாது. கண்ண மூடி மூக்கு ஓர மூலைய விரலால ரெண்டு நிமிஷம் அழுத்தி புடிங்க, மருந்து உடம்புக்குள்ள போறது நல்லாவே கொறையும். டார்சோலமைட் சேந்ததுன்னா கொஞ்சம் எரியும், நாக்குல கசக்கும், அது பயப்படற விஷயம் இல்ல. பிரிமோனிடின் கொஞ்சம் தூக்கம் வர வெக்கும், ரெண்டு வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு விடவே கூடாது, அதனால பேரப்பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. கண்ணு செவந்தா கடையில நீங்களா ஒரு ஸ்டீராய்டு டிராப்ஸ் வாங்கி விடாதீங்க, அதுவே பிரஷர ஏத்தும்.

எங்க வீட்ல இப்ப ஃப்ரிட்ஜ் கதவுல ஒரே ஒரு பாட்டில்தான், மேல மார்க்கர்ல திறந்த தேதி. காலி பெட்டியோட அந்த பொடி எழுத்து பக்கத்த மட்டும் வெட்டி அப்பா சட்டைப் பையில வெச்சிருக்கார், பல் டாக்டர்கிட்ட போனாக்கூட முதல்ல அத எடுத்து நீட்டறார்.