எவர்சில்வரில் ஏது வெள்ளி?

எவர்சில்வர் குடத்தை 'நிலைவெள்ளிக் குடம்' என்று எழுதும் வழக்கம் வரவர கூடிக்கொண்டே போகிறது. எவர் என்றால் நிலை, சில்வர் என்றால் வெள்ளி, வேலை முடிந்தது! அதில் வெள்ளி குன்றிமணி அளவுகூடக் கிடையாது. இரும்பும் குரோமியமும், பல வகைகளில் நிக்கலும் சேர்ந்த எஃகு அது.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழலின் உட்புறம் அரித்துப்போகாமலிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, 12.8 விழுக்காடு குரோமியம் சேர்த்து உருக்கிய எஃகு அமிலத்துக்கு அசையாததைக் கண்டார். அவர் வைத்த பெயர் 'ரஸ்ட்லெஸ்', அதாவது துருவேறாதது. கத்திப் பட்டறையில் அதை வினிகரில் சோதித்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட்தான் 'ஸ்டெயின்லெஸ்', அதாவது கறைபடாதது, என்றார். எவர்சில்வர் என்பது அந்த ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு இங்கே பாத்திரக் கடைகளில் புழங்கிய வணிகப் பெயர்.

வணிகப் பெயரை மொழிபெயர்த்தால் வணிகப் பொய்யும் கூடவே வரும். வெள்ளிக் கரண்டி முட்டையில் பட்டால் அதிலுள்ள கந்தகத்தால் கறுக்கும், எவர்சில்வர் கறுக்காது. குணத்திலேயே வேறான இரண்டுக்கு ஒரே பெயரைச் சூட்டிவிட்டு வேதியியல் வகுப்பில் என்ன சொல்லிக்கொடுப்பது? 'தூய தமிழ்' என்று இதற்குச் சான்றிதழ் வேறு.

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளில் வரும் 'கறையற்ற எஃகு' இன்னொரு கூத்து. வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டால் வானவில் நிறத்தில் திட்டு விழும். உப்புத் தண்ணீர் வற்றினால் வெள்ளைப் படிவு நிற்கும். இரண்டும் கறைதானே? வினிகரோ எலுமிச்சைச் சாறோ தேய்த்தால் போகும் என்பது வேறு விஷயம்.

என் வாக்கு 'துருவேறா எஃகு'க்குத்தான். குரோமியம் 10.5 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாக எஃகை மூடிக்கொள்ளும். கீறல் விழுந்தால் தானே மறுபடி மூடும். அதை உடைக்கக்கூடியது உப்பிலுள்ள குளோரைடு. பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பேற்றினால், கரையாத கல் அடியில் தங்கி ஊசிமுனைக் குழி பறிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. கொதி வந்தபின் போட்டுக் கலக்க வேண்டும். ஆகவே 'ஏறவே ஏறாது' என்பதும் முழு உண்மையில்லை. ஆனால் இந்தப் பெயர் பொருளின் வேலையைச் சொல்கிறது. இரும்பு நார் போட்டுத் தேய்த்தபின் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் நாரின் துரு, பாத்திரத்தினுடையதல்ல.

காந்தம் ஒட்டினால் போலி என்பதும் தவறு. இந்த எஃகில் கலவைக்கேற்ப எண்ணிட்ட தரங்கள் உண்டு. 304 தரத்தில் குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 விழுக்காடு. அதில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த, மலிவான 202 தரத்திலும் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 தரத்தில் நன்றாக ஒட்டும், அதுவும் அசல் துருவேறா எஃகுதான். இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரங்களின் அடியில் வைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கடையில் எவர்சில்வர் என்றே கேளுங்கள், யாருக்கும் குழப்பமில்லை. பாடநூலிலும் அறிவிப்பிலும் துருவேறா எஃகு என்று எழுதி, பக்கத்தில் தர எண்ணைப் போடுங்கள்.