'எடுத்து வை' என்பது எத்தனை கட்டளைகள்?

இரண்டு தட்டுகள். ஒன்றில் நீல முயல் படம், மற்றதில் சிவப்புப் படகு. மூன்று வயதுக் குழந்தையின் கையில் உள்ள அட்டைகளிலோ சிவப்பு முயல்களும் நீலப் படகுகளும் இருக்கின்றன. 'நிறத்தைப் பார்த்துப் போடு' என்றால் பிழையின்றிப் போடும். பிறகு, 'இனி நிறம் வேண்டாம், உருவத்தைப் பார்த்துப் போடு' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். 'முயல் எங்கே போக வேண்டும்?' என்று கேட்டால் சரியான தட்டைக் காட்டுவார்கள். அடுத்த நொடியே முயலைப் படகின் தட்டில் போடுவார்கள்!

உளவியலாளர் பிலிப் ஸெலாஸோவும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் செய்த சோதனை இது. விதியை அறிவது வேறு, பழைய விதியை அடக்கிவிட்டுப் புதியதைப் பின்பற்றுவது வேறு. இரண்டாவது வேலை நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணியைச் சேர்ந்தது. அது முழுமையாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். நல்லவேளையாக, அட்டைச் சோதனையில் ஐந்து வயதுக்குள் பலரும் தேறிவிடுகிறார்கள்.

இப்போது, 'எடுத்து வை' என்று நாம் குழந்தையிடம் சொல்லும் கலைந்து கிடக்கும் அறைக்கு வருவோம். புத்தகத்துக்கு அளவு, சட்டைக்கு அழுக்கு, கட்டைகளுக்கு வகை என்று பொருளுக்குப் பொருள் நாம் விதியை மாற்றுகிறோம். மாற்றுவதை உணர்வதுகூட இல்லை. 'எத்தனை தடவை சொல்வது, புரியவில்லையா?' என்ற அதட்டல் அதனால்தான் வீண். புரிகிறது, சிக்கல் அங்கே இல்லை.

ஆகவே விதியைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிப் பெட்டியின்மேல் ஒட்டிவிடலாம். கார் படம் ஒட்டிய பெட்டி நினைவுக்கு வேலை வைப்பதில்லை. 'முதலில் சக்கரம் உள்ளவை மட்டும்' என்பது ஒரே விதி. அது முடிந்த பிறகு அடுத்தது. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கிய பள்ளியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் பொருள்களை வைத்ததும் இந்த வழிதான். பொருள்களைக் குறைப்பதும் உதவும். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்றில், பதினாறு பொம்மைகளுக்கு நடுவே இருந்ததைவிட நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் நீண்ட நேரம் விளையாடினார்கள்.

இன்னொன்று. சிறு குழந்தைகள் பல நேரங்களில் வகையைப் பார்ப்பதில்லை, கதையைப் பார்க்கிறார்கள். நாயும் நாயும் ஒரு பெட்டியில் என்பது நம் கணக்கு. நாயும் எலும்பும் ஒரு பெட்டியில் என்பது அவர்கள் கணக்கு. எனக்கென்னவோ, பெட்டியில் எந்தப் படத்தை ஒட்டலாம் என்று முதலில் குழந்தையிடமே கேட்கலாம் என்றுதான் தோன்றுகிறது.