"பிழைத்துவிடுவாரா?" என்று கேட்டால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது?

பிரிட்டனில் வேலை தேடும் செவிலியர்களுக்கு ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) தேர்வின் பேச்சுப் பகுதிக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அதில் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவருடன் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். மருத்துவச் சொற்களில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. "அம்மா பிழைத்துவிடுவாரா?", "எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்டால்தான் சிக்கல்.

அண்மையில் ஒரு வகுப்பில், "வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவை அழைத்துப் போகலாமா?" என்று மகளாக நடித்தவர் கேட்டார். "ஃபேட் சான்ஸ்!" என்றார் மாணவி, முகமலர்ச்சியோடு. 'ஸ்லிம் சான்ஸ்' என்றால் வாய்ப்புக் குறைவு. அப்படியானால் 'ஃபேட்' என்றால் அதிகம்தானே என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் ஆங்கிலேயர் காதில் அது "நடந்த மாதிரிதான்!" என்று முகத்தில் அடித்தாற்போல விழும். கவலையோடு நிற்கும் மகளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

மரபுத்தொடரைப் பொருளோடு மனப்பாடம் செய்தால் போதாது. எந்த அளவு வாய்ப்பைச் சொல்கிறது, யாரிடம் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 'சான்ஸஸ் ஆர்' என்று தொடங்கினால் பெரும்பாலும் நடக்கும், யாரிடமும் சொல்லலாம். 'லாங் ஷாட்' என்றால் நடப்பது அரிது. 'டச் அண்ட் கோ' என்றால் உயிர் இழுபறியில் இருக்கிறது. 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்' என்றால் இன்னும் கண்டம் தாண்டவில்லை. கடைசி இரண்டும் வார்டில் அடிக்கடி காதில் விழும், புரிந்தே ஆக வேண்டும். ஆனால் குடும்பத்தாரிடம் நீங்களாக அவற்றைச் சொல்லாதீர்கள். நோயாளி மோசமான நிலையில் இருக்கிறார் என்பதை நேரடியான, எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான கருத்து.

சாதாரணச் சொற்களும் ஏமாற்றும். பிரிட்டனில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒரு பக்கவிளைவு 'காமன்' என்று இருந்தால், 10 பேரில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்று பொருள். 'அன்காமன்' என்றால் 100 பேரில் ஒருவர் வரை, 'ரேர்' என்றால் 1,000 பேரில் ஒருவர் வரை. இது தெரியாத நோயாளி, 'காமன்' என்ற சொல்லைப் பார்த்ததும் தனக்கும் நிச்சயம் வரும் என்று பயந்து மாத்திரையையே நிறுத்திவிடக்கூடும். அவரிடம் எண்ணைச் சொல்லுங்கள். 10 பேரில் 9 பேருக்காவது அது வருவதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.