போஸ்ட்-கிரஞ்ச்: 'பின்' குத்தினால் போதுமா?

'பின்-அழுக்குப் பாறைப் பாடல்கள்: எனக்குப் பிடித்த பத்து' என்ற தலைப்பில் நண்பர் ஒருவர் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார். ஏதோ துணிசோப்பு விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே போனால் புஷ், லைவ், ஃபூ ஃபைட்டர்ஸ், க்ரீட், நிக்கல்பேக் என்று ராக் குழுக்களின் பெயர்கள். 1990களின் நடுவிலிருந்து 2000களின் முதல் சில வருடங்கள்வரை அமெரிக்க வானொலிகளை ஆண்ட போஸ்ட்-கிரஞ்ச் பாட்டுகள். கிரஞ்ச் என்பது 1980களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் உருவான கரகரத்த கிதார் ராக், அதை ஒட்டி வந்தது போஸ்ட்-கிரஞ்ச். பட்டியல் நல்ல பட்டியல். தலைப்பில்தான், போஸ்ட்டுக்குப் 'பின்', கிரஞ்சுக்கு 'அழுக்கு', ராக்குக்குப் 'பாறை' என்று மூன்று சொல்லும் தப்பு. பாறையும் அழுக்கும் அபத்தம் என்பது கேட்டவுடனே தெரிந்துவிடும். 'பின்' அப்படி இல்லை, பார்க்கச் சரி போலவே இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களே 'பின்-கிரஞ்ச்' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பாறையை உருட்டிவிட்டுவிடலாம். ராக் அண்ட் ரோலில் வரும் ராக், கல் இல்லை. முன்னும் பின்னும் ஆடுவது. தொட்டிலை ஆட்டுவதற்கும் கப்பல் அலையில் ஆடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டிலும் பேச்சிலும் ஆட்டம், கொண்டாட்டம், இன்னும் கொஞ்சம் மறைவான சங்கதி என எல்லாவற்றையும் குறித்துவந்த இந்தச் சொல்லை, 1950களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் ஊரெல்லாம் பரப்பினார். வேர் தேடித்தான் மொழிபெயர்ப்பேன் என்று அடம்பிடித்தால் பாறையைவிடத் தாலாட்டு கிட்டத்தில் இருக்கிறது. ராக் என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரியும்.

கிரஞ்சின் கதையும் நீளமில்லை. 1960களில் அமெரிக்கக் கொச்சையில் 'கிரஞ்சி' என்றொரு பெயரடை வந்தது. அழுக்கேறிய, கவனிப்பாரற்ற என்று பொருள். ஏற்கெனவே அந்தப் பொருளில் இருந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தது என்பது அகராதிக்காரர்களின் ஊகம். பெயர்ச்சொல் அதிலிருந்து கழன்று வந்தது. 1981இல் மார்க் ஆர்ம் என்ற இளைஞர் சியாட்டில் சிற்றிதழ் ஒன்றுக்குத் தன் சொந்தக் குழுவையே திட்டி வேடிக்கையாக ஒரு கடிதம் எழுதினார். திட்டியதில் இந்தச் சொல்லும் இருந்தது. 1987இல் அதே ஆர்ம் பாடிய கிரீன் ரிவர் குழுவின் இசைத்தட்டை விற்க, சப் பாப் என்ற சிறு நிறுவனம் விளம்பரத்தில் இதையே பெருமையாகப் போட்டுக்கொண்டது. 1991இல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பு வந்தபின் சொல் உலகம் சுற்றியது.

ஆகவே அழுக்கு வேரில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த இசையில் அழுக்காவது கிதாரின் ஒலி. ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் தள்ளி, ஃபஸ் பெடலை மிதித்து, ஸ்வரத்தின் ஓரங்களை உடைத்துக் கரகரக்க விடுவது. அதற்குத் தமிழில் 'கரகரப்பு' இருக்கும்போது 'அழுக்கு' எதற்கு? அழுக்கிசை என்றால் நம் ஊரில் ஆபாசப் பாட்டு என்றுதான் புரிந்துகொள்வார்கள். அதற்காக 'கரகரப்பிசை' என்று ஆக்குங்கள் என்றும் சொல்லமாட்டேன். ஓர் ஊரில், ஒரு கூட்டத்துக்கு விழுந்த பெயர் இது. ப்ளூஸை யாரும் 'நீலங்கள்' என்று எழுதுவதில்லை. ஜாஸையும் ரெக்கேயையும் அப்படியே விட்டுவிட்டோம், தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. கிரன்ஜ், கிரஞ்ஜ், க்ரன்ஞ் என்று கைக்கு வந்தபடி எழுதுகிறார்கள். ஞகர மெய்க்கு அடுத்து வரும் சகரம் தமிழில் தானாகவே மெலிந்துதான் ஒலிக்கும்: இஞ்சி, மஞ்சள், பஞ்சு. 'கிரஞ்சு' என்று உகரம் சேர்த்து எழுதினால் வாயில் சரியாக விழுகிறது. ஜகரத்துக்கு வேலையே இல்லை. தனித்தமிழ் வேகத்தில் சொல்வதாக நினைக்கவேண்டாம். தேவையில்லாத இடத்தில் எதற்கு என்றுதான். இனி நான் கிரஞ்சு என்றே எழுதுகிறேன்.

இப்போது 'பின்'னுக்கு வருவோம். போஸ்ட் என்பது லத்தீன் முன்னொட்டு, 'அப்புறம்' என்று பொருள். நவீனத்துவத்துக்கு அப்புறம் வந்ததை நம் சிற்றிதழ்க்காரர்கள் பின்நவீனத்துவம் என்று எழுதிப் பழக்கினார்கள். பின்அமைப்பியல், பின்காலனியம் என்று வரிசை நீண்டது. அங்கெல்லாம் அது நிலைத்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். அன்றிலிருந்து போஸ்ட் எங்கே தலைகாட்டினாலும் அதன் இடத்தில் ஒரு 'பின்'னைக் குத்திவிடுவது வழக்கமாகிவிட்டதுதான் என் குறை.

'பின்-கிரஞ்ச் பாட்டு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பின்பாட்டு என்று தமிழில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கூத்திலும் வில்லுப்பாட்டிலும் முன்னவர் பாடியதை வாங்கி மற்றவர்கள் பாடுவது. அன்றாடப் பேச்சில், ஒருவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவதும் பின்பாட்டுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் குழுக்களை அமெரிக்க விமர்சகர்கள் திட்டியதும் ஏறக்குறைய இதைச் சொல்லித்தான்: நிர்வாணா, பேர்ல் ஜாம் போன்ற கிரஞ்சுக் குழுக்களுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர்கள் என்று. அப்படியென்றால் பொருத்தமான சொல்தானே, ஆங்கிலத்திலும் அது வசையாகத்தானே புழங்கியது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சரி, வசைதான். ஆனால் அங்கே வசை சொல்பவரின் தொனியில் இருந்தது, முன்னொட்டில் இல்லை. ஒரு கலைச்சொல்லை ஆக்கும்போதே அதற்குள் கேலியை வைத்துத் தைத்துவிட்டால், அந்தப் பாட்டு பிடித்தவர் என்ன சொல்லி அதைக் குறிப்பார்?

காலக்கணக்கும் உதைக்கிறது. பின் என்றால் முன்னது முடிந்திருக்க வேண்டும் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கேண்டில்பாக்ஸ் என்ற போஸ்ட்-கிரஞ்சுக் குழுவின் முதல் தொகுப்பு 1993இலேயே வந்துவிட்டது, அதுவும் சியாட்டிலிலிருந்தே. லைவ் குழுவின் 'த்ரோயிங் காப்பர்' வந்தது 1994 ஏப்ரலில். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த அதே மாதம். அதற்கு முந்தைய மாதம்தான் சியாட்டில் கிரஞ்சுக் குழுவான சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்நோன்' வெளியாகியிருந்தது, அந்தக் குழு 1997வரை கலையவும் இல்லை. மூலமும் அதன் வாரிசும் ஒரே வானொலியில், ஒரே வாரத்தில், அடுத்தடுத்து ஒலித்துக்கொண்டிருந்தன. இதில் எது முன், எது பின்?

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது உறவு. போஸ்ட்-பங்க் என்பதில் அந்த முன்னொட்டுக்கு ஒரு வேலை இருந்தது. 1970களின் கடைசியில் ஜாய் டிவிஷன், பப்ளிக் இமேஜ் லிமிடெட் போன்ற குழுக்கள் பங்க்கிலிருந்து புறப்பட்டு, அதன் வேகத்தையும் நேர்க்கோட்டு இரைச்சலையும் விட்டு வேறு பக்கம் போயின. அது விலகல். பின்நவீனத்துவத்துக்கும் நவீனத்துவத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. போஸ்ட்-கிரஞ்சுக்கு யாரோடும் வழக்கு இல்லை. அப்பா கட்டிய வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடிபோனவர்கள் இவர்கள். ஒரே ஆங்கில முன்னொட்டு இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்யும்போது, தமிழில் இரண்டுக்கும் ஒரே 'பின்' போடுவது மொழிபெயர்ப்பு ஆகாது. பார்த்து எழுதுவது மட்டும்தான்.

'பிற்கால கிரஞ்சு' என்று இன்னொரு யோசனையும் உலவுகிறது. பிற்காலச் சோழர் என்று எழுதுகிறோமே, அந்த முறையில். 'பின்'னைவிட இது எவ்வளவோ தேவலை, காதுக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் பிற்காலச் சோழரும் சோழர்தான். போஸ்ட்-கிரஞ்சு கிரஞ்சுதானா என்பதுதான் இங்கே சண்டையே. அதை அடைமொழியிலேயே தீர்த்துவைப்பது அவசரத் தீர்ப்பு.

எனக்குப் பிடித்த சொல் நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. நூலை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது நன்னூல். வழிநூல் என்றால் என்ன? முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், பின்னால் வந்தவன் தான் வேண்டும் விகற்பங்களை, அதாவது மாறுதல்களை, சேர்த்துச் சொல்வது. போஸ்ட்-கிரஞ்சுக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை எந்த ராக் விமர்சகரும் எழுதி நான் பார்த்ததில்லை. 'கிரஞ்சுவழி ராக்' என்று எழுதலாம். வசையும் இல்லை, காலக்குழப்பமும் இல்லை. வழிநூல் எழுதியவனைத் தமிழ் மரபில் யாரும் திருடன் என்று சொன்னதும் இல்லை.

பாட்டுகளை வைத்தே சோதிக்கலாம். கிரஞ்சின் முடிபுகள் எவை? அடங்கிய சரணம், வெடிக்கும் பல்லவி. தடித்த தந்தியைத் தளர்த்திக் கனக்கவைத்த கிதார். தொண்டை கிழியும் குரல். ஃபூ ஃபைட்டர்ஸின் 'எவர்லாங்' (1997) இந்த மூன்றையும் வாங்கிக்கொள்கிறது. வாங்காமல் எப்படி? பாடுகிற டேவ் க்ரோல்தான் நிர்வாணாவின் டிரம்மர், இந்தப் பதிவிலும் டிரம்ஸ் அவரே. ஆனால் விஷயம் கிரஞ்சில் அபூர்வமாகவே வந்த நேரடியான காதல். கிண்டல் இல்லை, கசப்பு இல்லை. லைவ் குழுவின் 'லைட்னிங் க்ராஷஸ்' ஒரு மருத்துவமனையில் ஒரு பிறப்பையும் ஒரு சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. முணுமுணுப்பில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறது. கிரஞ்சாக இருந்தால் ஒரு நொடியில் வெடித்திருக்கும். லண்டன்காரர்களான புஷ்ஷின் 'கிளிசரின்' இன்னும் துணிச்சல்: டிரம்ஸே கிடையாது, கரகரக்கும் ஒரு கிதாரும் வயலின் கூட்டமும் குரலும்தான். விகற்பம் இதைவிட வெளிப்படையாகத் தெரிய வேண்டுமா? நான் பட்டியல் போட்டால் கிளிசரினுக்குத்தான் முதல் இடம்.

க்ரீட் எனக்குப் பிடிக்காது. அந்தக் குரல், பேர்ல் ஜாமின் பாடகர் எட்டி வெட்டர் ஜலதோஷத்தோடு தேவாலயத்தில் பாடுவதாகவே படும். ஆனாலும் சொல்லுக்குச் சாட்சி சொல்ல அவர்களைக் கூப்பிட்டே ஆகவேண்டும். 2000 நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த 'வித் ஆர்ம்ஸ் வைட் ஓபன்', தான் தந்தையாகப் போவதை அறிந்த பாடகர் ஸ்காட் ஸ்டாப்பின் பாட்டு. அதே கனத்த கிதார், அதே அடித்தொண்டை. உள்ளே இருப்பதோ பிரார்த்தனை. நிர்வாணாவின் முதல் தொகுப்பு 'ப்ளீச்' பதிவுக்கு ஆன செலவு 600 டாலர் என்று அதன் அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். க்ரீடின் 'ஹ்யூமன் கிளே' தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. முடிபு ஒன்றுதான், பணப்பெட்டி வேறு. 2001இல் நிக்கல்பேக்கின் 'ஹௌ யூ ரிமைண்ட் மீ' வந்தபோது இந்த வார்ப்பு எவ்வளவு தேறிவிட்டதென்றால், அந்தப் பத்தாண்டு முழுவதற்கும் அமெரிக்க வானொலியில் அதிகம் ஒலித்த பாட்டு அதுவாகவே ஆனது.

'வழி'க்கும் ஓர் ஆட்சேபம் இருக்கிறது. தமிழ்வழிக் கல்வி என்றால் தமிழ் மூலமாகக் கல்வி. அந்தக் கணக்கில் கிரஞ்சுவழி ராக் என்றால் கிரஞ்சு மூலமாக ராக்கா? எழுதிப்பார்த்தபோது எனக்கும் தோன்றியது. வழித்தோன்றல், தாய்வழி, தந்தைவழி என்று இந்தச் சொல்லுக்கு வம்சப் பொருளும் நன்றாகப் பழகியிருக்கிறது என்பதால் துணிந்துவிட்டேன். இடத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியாதவருக்கு எந்தச் சொல்லும் குழப்பும்.

ஆல்டர்நேட்டிவ் ராக்குக்கு 'மாற்று ராக்' என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 1980களில் கல்லூரி வானொலிகளிலும் சிறு நிறுவனங்களிலும் வளர்ந்த இசை அது. மாற்று சினிமா, மாற்று மருத்துவம் என்று நாம் சொல்லும் அதே பொருள்தான். 1990களில் அதுவே கடைவீதி முழுக்க நிறைந்துவிட்டது, எதற்கு மாற்று என்று கேட்கும்படி ஆனது வேறு கதை.

கலைச்சொல் பட்டியல் தயாரிப்பவர்கள் 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸுக்கு நேர்ந்ததைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. கிரஞ்சுக்காரர்களின் தனிப் பேச்சுவழக்கு என்ன என்று அந்தப் பத்திரிகை, சப் பாப்பில் முன்பு வரவேற்பாளராக இருந்த மேகன் ஜாஸ்பரைத் தொலைபேசியில் கேட்டது. அப்படி ஒரு வழக்கே இல்லை. அவர் வாய்க்கு வந்ததையெல்லாம் அந்த நேரத்திலேயே கட்டி அடுக்கினார். பத்திரிகை அதை அகராதியாக அச்சிட்டது. விஷயம் பிறகு வெளியே வந்தது. ஜாஸ்பர் பின்னாளில் சப் பாப்பின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். பேசுகிறவர் யாரும் பேசாத சொற்களை நம் ஆட்களும் இப்படித்தான் தயாரித்து அடுக்குகிறார்கள். அவர்களிடம் மேகன் ஜாஸ்பரின் குறும்புதான் இல்லை.

நண்பர் அனுப்பிய பட்டியலில் பாட்டின் பெயர்களையும் பெயர்த்திருந்தார்கள். கூ கூ டால்ஸ் குழுவின் 'ஐரிஸ்' அதில் 'கருவிழி' ஆகியிருந்தது. 1998இல் ஒரு படத்துக்காக குழுவின் பாடகர் ஜானி ரெஸ்னிக் எழுதிய அந்தப் பாட்டில் ஐரிஸ் என்ற சொல் ஓரிடத்திலும் வராது, கண்ணுக்கும் அந்தத் தலைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. தலைப்பு கிடைக்காமல் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஐரிஸ் டிமென்ட் என்ற நாட்டுப்புறப் பாடகியின் பெயர் ரெஸ்னிக் கண்ணில் பட்டது, பிடித்திருந்தது, வைத்துவிட்டார்.