ஓட்டு கேக்குறதுக்கு முன்னாடி ஓட்டு இருக்கான்னு பாருங்க

பழைய வண்ணாரப்பேட்டைல ஆபீஸ் வச்சிருக்கிற வக்கீல் நான். வாடகை தகராறு, பாகப்பிரிவினை, செக் கேஸ் இதுங்கதான் தினப்படி வேலை. ஆனா தேர்தல் அறிவிச்சிட்டா ஒரு ரெண்டு மாசத்துக்கு என் ஆபீஸ் பெஞ்சு ஃபுல்லா ஏரியா பசங்கதான், வண்டி பர்மிட்டு எங்க வாங்கணும், நோட்டீஸ்ல என்ன போடணும், நைட்டு பத்து மணிக்கு மேல மைக் போட்டதுக்கு ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கன்னு வந்து நிப்பாங்க. எந்தக் கட்சின்னு பாக்க மாட்டேன், எல்லாம் நம்ம பசங்க.

2021ல அப்படி ஒரு குரூப்போட பொன்னேரி பக்கம் போனேன். கொருக்குப்பேட்டைல காலைல கும்மிடிப்பூண்டி லோக்கல் புடிச்சா, எண்ணூர் தாண்டி மீஞ்சூர் வரும்போதே ஊரு மாறிடும், அதுக்கப்புறம் ஏரி, வயலு, செங்கல் சூளைதான். நம்ம ஏரியால ஒரு தெருவுல நடந்தா முந்நூறு ஓட்டு பாத்துடலாம், அங்க ஒரு குக்கிராமத்துல இருந்து இன்னொண்ணுக்கு வண்டிலயே அரை மணி நேரம், போய்ச் சேந்தா ஆம்பளைங்க வேலைக்குப் போயிருப்பாங்க, பொம்பளைங்க நூறு நாள் வேலைல இருப்பாங்க. ஏரிக்கரைல வேலை நடக்கிற எடத்துக்குப் போனாதான் ஆளைப் பாக்க முடியும். கொடி, தோரணம், வேன் எல்லாம் மெயின்ரோட்டோட சரி.

பழவேற்காட்டுக்குப் போற வழில ஒரு மீனவ குப்பம். நம்ம பசங்க நோட்டீஸ் குடுத்துட்டே போறாங்க, ஒரு ஆயா வாசல்ல ஒக்காந்து கருவாடு பிரிச்சிட்டு இருந்துச்சு. "போடுறேன்டா கண்ணு, ஆனா போன தபா பேரு இல்லன்னு தொரத்திட்டாங்க" அப்படின்னுச்சு. கைய தொடச்சிட்டு உள்ள போயி ஒரு மருந்துக்கடை கவரு எடுத்துட்டு வந்துச்சு, அதுக்குள்ள இன்னொரு கவரு, அதுக்குள்ள ஓட்டர் ஐடி. அட்டை ஓரம் எல்லாம் பிரிஞ்சு போயி, போட்டோல ஆயாவுக்கு முடி கருப்பா இருக்கு. என் பையில இருந்த ஓட்டர் லிஸ்ட்ல அந்த பாகம், அதாவது அந்த பூத்துக்கான பகுதி, முழுசா ரெண்டு தடவ பாத்தேன், பேரு இல்ல. அதே தெருவுல விசாரிச்சா இன்னும் எட்டு பேருக்கு அதே கதை.

அன்னைக்கு தேதி மார்ச் கடைசி வாரம். ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு. வேட்புமனு தாக்கல் மார்ச் 19ஓட முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறம் லிஸ்ட்ல ஒரு பேரைக்கூட சேக்க முடியாது, 1950ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 23வது பிரிவு அதான் சொல்லுது. கலெக்டரே நெனச்சாலும் முடியாது. பேரு சேக்க மனு குடுத்தா ஆட்சேபணைக்கு ஏழு நாள் டயம் விடணும், அதனால வேட்புமனு தாக்கல் கடைசி நாளுக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே படிவம் போய்ச் சேந்திருக்கணும். நாங்க போனது ஓட்டு கேக்க. ஆனா அந்த ஆயாகிட்ட கேக்க ஓட்டே இல்ல, ஒம்போது பேரும் சும்மாதான் நிக்கணும். அந்த குப்பத்துக்கு ஒரு மூணு மாசம் முன்னாடி ஒரே ஒரு ஆள், லிஸ்ட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்திருந்தா போதும். எனக்கு அது இன்னைக்கும் ஆறல, அதனாலதான் இதை எழுதுறேன்.

பேரு ஏன் போகுதுன்னா பெரும்பாலும் யாரும் சதி பண்ணி இல்ல. திருவள்ளூர் பக்கம் இருளர் பழங்குடி குடும்பங்கள் சூளை வேலை, மில்லு வேலைன்னு மாசக்கணக்குல வெளிய தங்குவாங்க, லிஸ்ட் சரிபாக்க வீடு வீடா வர்ற பூத் அதிகாரி, பிஎல்ஓ, வரும்போது குடிசை பூட்டி இருக்கும், ஊர்ல இல்லன்னு குறிச்சிடுவாங்க, அப்புறம் அது அப்படியே நீக்கத்துல போய் முடியும். நம்ம வடசென்னைல வேற மாதிரி. ஆத்தோரம், ரோட்டோரம் இருந்தவங்கள தெற்கால கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு மறுகுடியமர்வு வீடுங்களுக்கு கொண்டு போயி விட்டாங்க, ஆளு அங்க, ஓட்டு இங்க. ஓட்டு நாள் அன்னைக்கு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறி பழைய ஸ்கூலுக்கே வருவாங்க, வந்து பாத்தா பேரு இருந்தாலும் இருக்கும், இல்லன்னாலும் இல்ல.

அதனால பிரச்சாரத்துக்குப் போற தம்பிங்க மொதல்ல கைல வச்சிக்க வேண்டியது நோட்டீஸ் இல்ல, அந்த பாகத்தோட ஓட்டர் லிஸ்ட். புதுசா சேக்க படிவம் 6. வீடு மாறினா, பேரு தப்பா இருந்தா, அட்டை தொலைஞ்சா படிவம் 8. ஒருத்தர் பேரை எடுக்கச் சொல்றதுக்கு படிவம் 7, இதுல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க, எதிர்க்கட்சி ஓட்டுன்னு நெனச்சு உயிரோட இருக்கிறவங்கள செத்துட்டாங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பொய் உறுதிமொழிக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, கையெழுத்து போட்டது நீங்க, தலைவர் இல்ல. பதினெட்டு முடியுற பசங்களுக்கு ஜனவரி 1 மட்டும் இல்ல இப்போ, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1ன்னு வருஷத்துக்கு நாலு தகுதி நாள் இருக்கு. ஒருத்தர் பேரை எடுக்கணும்னா அவருக்கு நோட்டீஸ் குடுத்து விசாரிக்கணும்னு சட்டம் இருக்கு, மனு தள்ளுபடி ஆனா 15 நாளைக்குள்ள அப்பீல் போலாம். சந்தேகம்னா 1950ங்கிற தேர்தல் ஹெல்ப்லைன் நம்பருக்கு போன் அடிங்க.

அப்புறம் எங்க போனாலும் நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணு, அட்டை இருந்தா ஓட்டு இருக்குன்னு அர்த்தம் இல்ல. பேரு லிஸ்ட்ல இருந்தா அட்டை இல்லாமயும் ஓட்டு போடலாம், ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக்கு எதுனா ஒண்ணு போதும். வெறும் பூத் சிலிப்பு மட்டும் 2019ல இருந்து செல்லாது, அதை நம்பிட்டு வந்த வயசானவங்க வெயில்ல திரும்பிப் போறத பாத்திருக்கேன். 85 தாண்டினவங்க, நாப்பது சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் இருக்கிறவங்க வீட்டுலயே ஓட்டு போட 12டி படிவம் குடுக்கலாம், தேர்தல் அறிவிக்கை வந்து அஞ்சு நாளைக்குள்ள குடுத்தாகணும். அஞ்சு நாள்ல கிராமம் கிராமமா யாரும் சுத்த முடியாது, யாருக்கு வேணும்னு முன்னாடியே எழுதி வச்சிருந்தாதான் நடக்கும்.

இன்னொண்ணு, வெளியூர் பிரச்சாரத்துக்கு லாரி லாரியா ஆள் ஏத்திட்டுப் போறாங்களே, அதுல எனக்கு நம்பிக்கை இல்ல. பிரச்சாரம் முடிஞ்சதும், அதாவது ஓட்டு முடியுறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி, அந்த தொகுதில ஓட்டு இல்லாத வெளியூர் கட்சிக்காரங்க வெளிய போயாகணும். பூத் ஏஜென்ட்டும் அந்த பூத்து ஆளோ பக்கத்து பூத்து ஆளோ, மீறிப்போனா அந்த தொகுதி ஓட்டரோதான் ஒக்கார முடியும். காலைல ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி மிஷின்ல சோதனை ஓட்டு போட்டுக் காட்டும்போது குறைஞ்சது 50 ஓட்டு போட்டு எண்ணிப் பாக்கணும், சாயங்காலம் 17சி படிவத்துல எத்தன ஓட்டு விழுந்துச்சுன்னு எழுதி வாங்கணும். இதெல்லாம் அந்த ஊரு ஆளு செய்ய வேண்டிய வேலை. அந்த குப்பத்துல பத்தாவது படிச்ச ஒரு மீனவர் பொண்ணுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தேன், அவ்ளோ சுத்தமா செஞ்சுச்சு, நம்ம இருவது பசங்க நாலு நாள் கத்தினதுல அந்த பிரயோஜனம் இல்ல.

பணம் பத்தியும் சொல்லிடுறேன். ஆர்.கே.நகர்ல 2017 ஏப்ரல் 12 நடக்க வேண்டிய இடைத்தேர்தல பணப்பட்டுவாடாவாலதான் ரத்து பண்ணாங்க, டிசம்பர் 21தான் நடந்துச்சு, நம்ம கண்ணு முன்னாடி நடந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டம் ஐபிசில 171பி, இப்போ அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 170, குடுக்கிறவங்களும் வாங்குறவங்களும் ரெண்டு பேரும் குத்தவாளி, ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. கவரு கட்டினவன் கார்ல போயிடுவான், தெருவுல எடுத்துட்டு நடந்த இருவது வயசுப் பையன் பேருதான் எஃப்ஐஆர்ல ஏறும். அப்படி ஒரு பையனுக்கு நான் ஜாமீன் எடுத்திருக்கேன், அவங்க அம்மா காதுல இருந்தத வித்துட்டு வந்து நின்னாங்க. நோட்டீஸ்ல பிரஸ் பேரும் வெளியிட்டவர் பேரும் இல்லன்னாகூட 1951ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 127ஏல கேஸ் வரும், மண்ணடில அவசரமா அடிச்சு வாங்கும்போது கொஞ்சம் பாத்து வாங்குங்க.

அந்த ஆயாவுக்கு தேர்தல் முடிஞ்ச கையோட படிவம் 6 போட்டோம், மத்த எட்டு பேருக்கும் சேத்து. பேரு வந்ததும் பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் பெருசா எழுதித் தரச்சொல்லி அதே மருந்துக்கடை கவருல போட்டு வச்சிக்கிச்சு. 2025 நவம்பர்ல வீடு வீடா படிவம் குடுக்க ஆரம்பிச்ச ஓட்டர் லிஸ்ட் தீவிர திருத்தத்துல (எஸ்ஐஆர்) ஆயா பேரு தப்பிச்சிருச்சு. அதே தெருவுல ரெண்டு பேரு பேரு மறுபடி போயிருச்சு, ரெண்டு பேரும் அப்போ கடலுக்குப் போயிருந்தாங்க. அவங்களுக்கு திரும்ப படிவம் 6 போட்டிருக்கோம், அந்த மீனவர் பொண்ணுதான் தாலுகா ஆபீஸுக்கு நடையா நடந்துட்டு இருக்கு.