டிஜிட்டல் டீடாக்ஸ்: பேதி மருந்தா, நோன்பா?

அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்து எழுந்ததும் அத்தை தன் போனை நீட்டி, "உன் பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணுமே வரலையே, என்னடா ஆச்சு?" என்றார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் ஒரு மாதத்துக்கு மூடி வைத்திருக்கிறேன், டிஜிட்டல் டீடாக்ஸ் என்றேன். "டீடாக்ஸ்னா?" உள்ளே சேர்ந்திருக்கிற நச்சையெல்லாம் வெளியேற்றுவது என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். "ஓ, பேதிக்குக் குடிக்கிறதா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து விளக்கெண்ணெய் புகட்டின தலைமுறை அது, அவர் சொன்னதுதான் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கிற நேரான பொருள். சரி, அப்படியானால் நாம் செய்வது பேதிக்குக் குடிப்பது மாதிரியான காரியம்தானா? அங்கேதான் எனக்கு இந்தச் சொல்லோடு தகராறு.

முதலில் அகராதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதியில் டிஜிட்டல் டீடாக்ஸ் ஏறியது 2013 ஆகஸ்டில். ஸ்மார்ட்போன், கணினி மாதிரியான கருவிகளைக் கொஞ்ச காலம் தொடாமல் இருப்பது, அதனால் மன அழுத்தம் குறையும், நேரில் மனிதர்களோடு பழக வாய்ப்புக் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு இருப்பது, இவ்வளவுதான் அதன் பொருள். வேடிக்கை என்னவென்றால் அதே தவணையில்தான் செல்ஃபியும் உள்ளே வந்தது, நம்மை விட்டுவிட்டு எங்கோ ஏதோ நடக்கிறதோ என்கிற பதற்றத்துக்குப் பெயரான ஃபோமோவும் வந்தது. நோயும் மருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கின்றன.

இப்போது சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். டிஜிட்டல் என்பதன் வேர் லத்தீனில் டிஜிட்டஸ், அதாவது விரல். விரல் விட்டு எண்ணியதால் விரலைக் குறித்த சொல் எண்ணையும் குறிக்க ஆரம்பித்து, எண்களால் இயங்கும் கருவிகளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. தமிழில் இதை எண்ணிம என்றும் இலக்கமுறை என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் விரல் காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்த விரல் முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் செயலிகளை நீக்கின முதல் மூன்று நாள் என் கட்டைவிரல் தானாகப் போய் இன்ஸ்டாகிராம் இருந்த இடத்தில்தான் நின்றது. அந்த இடத்துக்கு வங்கிச் செயலி நகர்ந்து வந்திருந்ததால், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நொந்துபோனேன்.

டாக்ஸ் பக்கம் போனால் கதை இன்னும் பழசு. கிரேக்கத்தில் டாக்சோன் என்றால் வில். அம்பு நுனியில் தடவும் நஞ்சுக்கு டாக்சிகோன் என்று பெயர் வந்து, பிறகு லத்தீன் வழியாக எல்லா நஞ்சுக்கும் பொதுப் பெயர் ஆகிவிட்டது. முன்னால் நிற்கும் டீ, நீக்குவதைச் சொல்கிறது. ஆக, வேரை வைத்து மொழிபெயர்த்தால் டிஜிட்டல் டீடாக்ஸ் என்பது விரலில் தைத்த அம்பின் விஷத்தை இறக்குவது!

மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்குத் தெளிவான வேலை இருக்கிறது. பல வருடம் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், வலிப்புகூட வரலாம், அதனால் அந்த முதல் நாட்களை மருத்துவர் கண்காணிப்பில் கடக்க வைப்பார்கள், அதுதான் டீடாக்ஸ். அங்கிருந்து அழகு நிலையங்களும் பச்சை ஜூஸ் விற்பவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் போனுக்கு வந்தது.

போனுக்கு அது பொருந்தவில்லை என்பது என் கட்சி. விஷம் என்றால் துளிகூட இருக்கக் கூடாது, முழுக்க வெளியேற்றினால்தான் பிழைக்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில் யாரையும் அடியோடு விடச் சொல்லவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 10 நிமிடம்தான் என்று ஒரு பிரிவினருக்கு மூன்று வாரம் கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. விஷத்தை அளவோடு சாப்பிட்டு யாருக்காவது உடம்பு தேறுமா?

அதே 2018இல், அமெரிக்க இடைத்தேர்தலுக்கு முன்பு (இடைத்தேர்தல் என்றால் நம் ஊர் மாதிரி எம்எல்ஏ இறந்து நடக்கிறது இல்லை, அதிபர் பதவிக் காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்), ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் சுமார் 2,700 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பிரிவினருக்குப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் போனது, ஒரு பகுதி டிவி முன்னால் போனது. மனநிறைவு கூடியது, ஆனால் கொஞ்சம்தான். நாட்டு நடப்பு தெரிவது குறைந்தது, கூடவே அரசியல் காய்ச்சலும் குறைந்தது. எனக்குப் பிடித்தது கடைசி விஷயம்: நான்கு வாரம் முடிந்து திரும்பி வந்தவர்கள், முன்பு இருந்த அளவுக்கு உள்ளே உட்காரவில்லை. அதாவது அளவு தெரிந்து திரும்பினார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? டிஜிட்டல் நச்சு நீக்கம் என்று அப்படியே மாற்றுகிறவர்கள் உண்டு. அதைப் படிக்கும்போது யாரோ பூச்சிமருந்து குடித்து எமர்ஜென்சியில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. துறவு என்றால் ரொம்பப் பெரிது, மூன்றாம் நாள் "நான் வந்துட்டேன்" என்று பதிவு போடுகிறவனுக்குக் காவி எதற்கு? இடைவெளி, ஓய்வு, விடுப்பு எல்லாம் சும்மா நிறுத்துவதைச் சொல்கின்றன, எதற்காக என்பது அதில் இல்லை. பேச்சில் "ஃபேஸ்புக்குக்கு லீவு விட்டுட்டேன்" என்பார்கள், அது எனக்குப் பிடிக்கும், ஆனால் கட்டுரைத் தலைப்பில் நிற்காது.

நோன்பு என்பதுதான் என் தேர்வு. விரதமும் கிட்டத்தட்ட அதுதான், வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட சொல். ஆனால் நோன்புக்குள் இருக்கிற ஒரு பொருள் விரதத்தில் இல்லை. நோன்பின் வேர் நோல், அதற்குப் பொறுத்துக்கொள் என்று பொருள். திருக்குறளில் பொறையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (160) இதை வைத்தே விளையாடுகிறது: "உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும் இன்னாச்சொல் நோற்பாரின் பின்." பட்டினி இருந்து நோன்பு நோற்பவர்கள் பெரியவர்கள்தான், ஆனால் பிறர் பேசும் கடுஞ்சொல்லைத் தாங்கிக்கொள்கிறவர்களுக்கு அடுத்தபடிதான். இரண்டுக்கும் ஒரே நோற்பார். சோற்றை விடுவதும், பின்னூட்டத்தில் ஒருவன் திட்டினால் பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைப்பதும் ஒரே வினையாக ஒரே குறளில் உட்கார்ந்திருக்கின்றன.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது திருப்பாவையின் இரண்டாம் பாட்டு. பாவை நோன்புக்கு ஆண்டாள் போடுகிற விதிகளைப் பாருங்கள். நெய் இல்லை, பால் இல்லை, "மையிட்டு எழுதோம் மலரிட்டு நாம் முடியோம்", அதாவது அலங்காரம் இல்லை. அதோடு விடவில்லை, "தீக்குறளைச் சென்றோதோம்" என்கிறார். இங்கே குறளை என்றால் கோள், புறம் பேசுவது. சாப்பாடு, அலங்காரம், வம்பு, மூன்றையும் நோன்புக் காலத்துக்கு நிறுத்திவைக்கிறார். என் இன்ஸ்டாகிராமில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளம்பரம்தான்.

இன்னொரு வசதி, இந்தச் சொல் யாருக்கும் அந்நியம் இல்லை. காரடையான் நோன்பு, கேதாரகௌரி நோன்பு என்று ஒரு பக்கம், தவக்கால நோன்பு ஒரு பக்கம், ரம்ஜான் நோன்பு ஒரு பக்கம். தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் நோன்பு பிடிப்பார்கள், நோன்பு திறப்பார்கள். அந்தத் திறப்பதுதான் டீடாக்ஸில் இல்லாதது. நோன்புக்குத் தொடக்க நேரம் உண்டு, முடிவு நேரம் உண்டு, முடிந்தால் கஞ்சி உண்டு. சாப்பாட்டை யாரும் விஷம் என்று சொல்வதில்லை, ஒரு நேரம்வரை தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022 ஆகஸ்ட் 15 முதல் அங்கே சாயங்காலம் 7 மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும், வீடுகளில் டிவியையும் போனையும் அணைத்துவிட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், எட்டரைக்கு மறுபடி போட்டுக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று கையில் கொடுத்த போன் திரும்பி வராத கதைதான் பின்னணி. ஒன்றரை மணி நேரம், ஊரே சேர்ந்து. இதை நச்சு நீக்கம் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள். அது நோன்பு.

டீடாக்ஸ் என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிறுத்தவே முடியவில்லை, தூக்கமும் வேலையும் கெடுகிறது, பிடுங்கினால் கை ஓங்குகிற அளவுக்குப் போய்விட்டது என்றால் அது நோன்பில் அடங்காது, சிகிச்சைதான் வேண்டும். பெங்களூருவில் இருக்கும் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் ஷட் என்கிற கிளினிக் இயங்குகிறது. அந்த வாசலில் போதை, மீட்பு என்ற சொற்களுக்கெல்லாம் இடம் உண்டு.

எல்லாத் திரைகளையும் அணைத்தால் திரைநோன்பு என்றும், சமூக ஊடகங்களை மட்டும் விட்டால் வலைநோன்பு என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வலையில் மீனும் நினைவுக்கு வருவதால் இரண்டாவது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. "இந்த வாரம் வலைநோன்பு, அவசரம்னா கூப்பிடுங்க" என்று வாட்ஸ்அப் நிலையில் போட்டால் (ஆமாம், அதுவும் வலைதான், தெரியும்) அகராதி புரட்டாமல் யாருக்கும் புரியும்.

அத்தைக்குப் புரிந்தது. அடுத்த தடவை போனில் பேசும்போது டீடாக்ஸை விட்டுவிட்டு நோன்பு என்றே சொன்னேன். "அப்படிச் சொல்லு. என்னிக்கு முடிக்கிற?" என்று கேட்டார். ஒன்றாம் தேதி என்றேன். ஒன்றாம் தேதி காலையில் திறந்து பார்த்தால் நூற்றுச்சொச்சம் அறிவிப்புகள், அதில் பாதிக்கு மேல் எனக்கு முகம்கூட நினைவில்லாத யார் யாருக்கோ பிறந்த நாள்.